கிராண்டான கவுனும் அரைச் சொம்புத் தண்ணீரும்

முதலில் எல்லாரும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பிய லீவு லெட்டரும்தான். நம் வாட்ஸ்அப் கூட்டத்தில் வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், பஸ் கண்டக்டர் இருக்கிறார். நாலு பேரிடம் பேசத் தெரிந்தவர்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குச் சத்தம் எழும்பாது என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவள் எழுத வந்தது தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் வாயால் சொல்ல எனக்கு ஒருக்காலும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலங்குடியில் வாத்தியாராக இருக்கிற நம்ம ஆள் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டார். நாம் பூசையில் முதன்முதலாக அப்பத்தை நாக்கில் வாங்கிப் புதுநன்மை பெற்ற அன்றைக்குக் கோயில் வாசலில் எடுத்தது. ஓரமெல்லாம் செல் அரித்து, நடுவில் நாம் மட்டும் மிச்சம் இருக்கிறோம். கீழே அவர் கேட்டிருந்தார்: "நன்மை வாங்குனது பதினாலு பேரு. போட்டோவுல பதிமூணு தலைதான் இருக்கு. யாருப்பா மிஸ்ஸிங்?"

ஒருவர் "பயந்து ஓடிருப்பான்" என்று எழுதினார். இன்னொருவர் "ஒண்ணுக்குப் போயிருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பெரியப்பா மகள் திருச்சியிலிருந்து எழுதினாள்: "நாந்தான். அன்னைக்குத் தண்ணி குடிச்சு மாட்டிக்கிட்டேன்ல." பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி மூன்று.

நான் போனை மாவு டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அவள் அப்படித்தான் சொல்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் அவள் மேல் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

அந்தப் போட்டோவை நன்றாகப் பாருங்கள். முன் வரிசையில் முதலில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறதே ஒரு குச்சிப் பிள்ளை, அது நான். எங்கே பார்க்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் 'கிராண்ட்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்கு என்ன பொருள் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் அதற்குப் பொருள், அடுத்தவர்கள் பார்த்து வாயைப் பிளக்கிற மாதிரி இருப்பது. தையல்காரரிடம் ஜாக்கெட்டுக்கு மூன்று வகை உண்டு: சாதா, மீடியம், கிராண்ட். மைக்செட்காரரிடம் நாலு குழாய் கட்டினால் வெறும் செட்டு. எட்டுக் குழாயும் வாசலில் சீரியல் பல்பு வளைவும் போட்டால் கிராண்ட் செட்டு. கல்யாணம் கிராண்ட், காதுகுத்து கிராண்ட், செத்தவருக்குக் கட்டிய தேர்கூட கிராண்ட். இப்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் செருப்புக்கடை திறந்தாலும் கிராண்ட் ஓப்பனிங் என்று பிளெக்ஸ் கட்டுகிறார்கள். என் மகள் ஜவுளிக்கடைக்குள் நுழையும்போதே "அண்ணா, கிராண்டா எடுத்துப் போடுங்க" என்கிறாள். எனக்குத் திக்கென்று இருக்கும்.

ஏனென்றால் நம் காலத்தில் அந்தச் சொல்லை யார் சொல்லலாம் என்று ஒரு முறை இருந்தது. விசேஷம் வைத்தவர் வாயால் சொல்லக் கூடாது. அவர் "ஏதோ சிம்பிளா வச்சிருக்கோம், வந்து சாப்புட்டுப் போங்க" என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவர்தான் "எங்கிட்டுச் சிம்பிளு? கிராண்டாவுல இருக்கு!" என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வம்பு. வீட்டுக்காரர் கிராண்ட் என்றால் அது பெருமையடிக்கிறது. வந்தவர் சிம்பிள் என்றால் அது அவமானம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒன்பது வயதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் பெரிய லீவில் புதுநன்மைக்கு ஆயத்தமாக ஒரு மாதம் நமக்கு ஞானோபதேச வகுப்பு நடந்தது. கோயிலுக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்து உட்காருவோம். காலையில் கோயில் காரியம் பார்த்த உபதேசியார், மத்தியானத்துக்கு மேல் சிஸ்டர். உபதேசியாருக்கு அப்போதே அறுபதுக்கு மேல் இருக்கும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வேப்பங்குச்சி வைத்துக்கொண்டு மந்திரங்களை மனப்பாடம் செய்ய வைப்பார். தலையான பாவங்கள் ஏழையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல்.

"காய்மகாரம்னா என்னங்கய்யா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அடுத்த வீட்டுல நல்லது நடந்தா ஒனக்கு வயிறு எரியுதுல்ல, அதுதான்டா."

"எனக்கு எரியலீங்கய்யா, பசிக்குது."

"அப்ப அது போசனப்பிரியம். ஒக்காருடா."

சிஸ்டர் ஐந்தரை பஸ்ஸில் மடத்துக்குத் திரும்பிவிடுவார். ஒருநாள், "ராத்திரி செபத்துக்கு அப்புறம் எங்க மடத்துல கிராண்ட் சைலன்ஸ். விடியிற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்" என்றார். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா மகள்தான் கேட்டாள்: "அதுக்கு சீரியல் செட்டு போடுவாங்களா சிஸ்டர்?" சிஸ்டர் அன்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் சிஸ்டரிடமிருந்து வரவழைத்ததில்லை. என்னைப் பார்த்தால் அவர் தலையைத் தடவிக்கொடுப்பார், அவ்வளவுதான். வாய் திறக்காத பிள்ளைக்கு அதுதான் கிடைக்கும்.

பெரியப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அக்கா என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிட மாட்டேன், "ஏ" என்பேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் வாசம் வரும். பெரியப்பா சிங்கப்பூரில் இருந்தார். என் அப்பா ஊரிலேயே கடலை விவசாயம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவளிடம் என்ன இருந்தாலும் பாதி எனக்குக் கொடுப்பாள். அதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர் மிட்டாயைக் கடித்துப் பாதி தருவாள். ஆனால் கொடுக்கிற கை எப்போதும் அவளுடையதாகவே இருந்தது. வாங்குகிற கை என்னுடையது. அது உங்களில் யாருக்காவது புரியுமா தெரியவில்லை.

ஒன்றில் மட்டும் நான் அவளைவிட மேல். மனப்பாடம். பரலோக மந்திரம் தொடங்கி உத்தம மனஸ்தாப மந்திரம் வரை தடங்கலில்லாமல் சொல்வேன். சத்தம்தான் வராது, சிஸ்டர் காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவந்து கேட்பார். அவளுக்குக் கிருபைதயாபத்து மந்திரத்தில் பாதியில் வண்டி நின்றுவிடும். அப்படியே என் முகத்தைப் பார்ப்பாள். நான் உதட்டை அசைத்துக் காட்ட மாட்டேன்.

வகுப்பின் முதல் நாளிலேயே சிஸ்டர் சொல்லியிருந்தார்: "எல்லா மந்திரத்தையும் தப்பில்லாம ஒப்பிக்கிற பிள்ளைதான் வரிசையில முதல்ல போகும், முதல்ல நன்மை வாங்கும்." மே மாதம் இரண்டாவது வாரமே நான் ஒப்பித்துவிட்டேன். சிஸ்டர் நோட்டில் என் பேருக்கு நேராக '1' என்று எழுதினார். அந்த ஒன்றை நான் ராத்திரியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். எதிலாவது நான் முதல் என்று ஊர் முழுக்கப் பார்க்கப் போகிறது. நான் வாயே திறக்க வேண்டாம், நடந்து போனால் போதும்.

அதன் பிறகு பார்சல் வந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா நடுவீட்டில் வைத்துப் பிரித்தார். கோடாலித் தைல வாசமும் சோப்பு வாசமும் கலந்து வந்தது. உள்ளே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் கவுன். நாலு அடுக்கு வலைத்துணி, ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் பால் நிறத்தில் சின்ன மணிகள், முழங்கை வரை வருகிற வெள்ளைக் கையுறை, தலைக்குக் கல் வைத்த கிரீடம். தூக்கிப் பிடித்தபோது மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். கிராண்ட். கிராண்டா இருக்கு. இம்புட்டுக் கிராண்டா இந்த ஊருக்குள்ள யாரும் போட்டதில்ல.

பெரியம்மா முறை தவறாமல் சொன்னார்: "அவுக அப்பா ஏதோ சிம்பிளா எடுத்து அனுப்பிருக்காக."

கவுன் நாலு விரல் நீளமாக இருந்தது. தையல்காரர் வந்து பார்த்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "நான் கிராண்டுன்னு தச்சதெல்லாம் கிராண்டே இல்லக்கா. இதுல கத்தரி வைக்க மனசு வரல" என்றார். பெரியம்மா அதட்டிய பிறகு கடைசி அடுக்கை வெட்டிச் சுருக்கினார். வெட்டிய துண்டு ஒரு முழம் இருக்கும்.

"அத அவளுக்குக் குடுங்க. கழுத்துல வச்சுத் தச்சா நல்லாருக்கும்" என்றாள் பெரியப்பா மகள்.

என் கவுனையும் அதே தையல்காரர்தான் தைத்தார். வெள்ளை டெரிகாட்டன். அம்மா அவரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அடி மடிப்பை நல்லா உள்ள விட்டுத் தைங்கண்ணே. ஜூன் மாசம் வெட்டி யூனிபார்ம் சட்டையா ஆக்கணும்." ஆண்டவரை வாங்கப் போகிற கவுனில் என் அம்மா ஐந்தாம் வகுப்புச் சட்டையைப் பார்த்தார். அன்று அம்மாவை வெறுத்தேன். என்னிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்ததும், அதன் முதுகு கிழிந்திருந்ததும் அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த ஒரு முழ வலைத்துணி மணிகளோடு என் கழுத்துப் பட்டையைச் சுற்றி வந்தது. பார்க்க வந்த அத்தை, "சிம்பிளா அழகாருக்கு" என்றார். அம்மாவின் முகம் சுருங்கியது. வந்தவர் சொல்லக் கூடாத சொல் அல்லவா அது. நான் கொல்லைப் பக்கம் போய் அப்பாவின் பிளேடால் அந்த வலைத்துணியைத் தையல் தையலாக எடுத்துச் சாம்பல் குழியில் புதைத்தேன். அம்மா கேட்டபோது எலி கடித்துவிட்டது என்றேன்.

சனிக்கிழமை காலையில் ஒத்திகை. நான் முதலில் நின்றேன். உபதேசியார் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினார்.

"நீ ரெண்டாவதா நில்லு ஆத்தா. புதுக்கோட்டையிலேர்ந்து போட்டோகிராபரு வாராரு. முன்னுக்கு அந்தக் கவுன் நின்னாத்தான் கிராண்டா இருக்கும்."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் கையில் அந்த நோட்டு இருந்தது. '1' போட்ட நோட்டு. சிஸ்டர் நோட்டை மூடினார். பிறகு குனிந்து என் கன்னத்தைத் தட்டி, "பரவாயில்லம்மா. ஆண்டவருக்கு முன்னால முதலும் கடைசியும் ஒண்ணுதான்" என்றார்.

ஒன்றுதான் என்றால் என்னை முதலிலேயே விட்டிருக்கலாமே? இதைக் கேட்க வாய் இருக்கிற பிள்ளைகள் கேட்டிருக்கும். நான் இரண்டாவதாக நின்றேன். என் முன்னால் அவளுடைய பின்னல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி, "நீ வேணா முன்னாடி வாடி" என்றாள். அதையும் கொடுக்கத் தயாராக இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நம் எல்லாருக்கும் முதல் பாவசங்கீர்த்தனம். நான் பொய் சொன்னது, சர்க்கரை திருடியது, அம்மா பேச்சைக் கேட்காதது என்று செய்த பாவங்களைப் பங்குச் சாமியார் காதில் சொன்னேன். "வேற?" என்றார். தலையான பாவங்களில் ஆறாவதாக வருகிற அந்தச் சொல் நாக்கு நுனியில் நின்றது. "வேற இல்ல சாமி" என்றேன்.

வெளியே வந்தபோது உபதேசியார் நம்மை உட்கார வைத்துக் கடைசியாக எச்சரித்தார். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. பட்டுச்சுன்னா நாளைக்கு நன்மை கெடையாது. மறச்சு வாங்குனா தேவத்துரோகம். நம்ம ஊருல ஒரு பய பல்லு வெளக்கையில தண்ணிய முழுங்கிப்புட்டு வந்து நாக்க நீட்டுனான். அன்னைக்குச் சாயங்காலமே அம்ம போட்டுருச்சு."

மறுநாள் நம்மில் பாதிப் பேர் பல் விளக்காமல்தான் வந்தோம்.

ஏழரை மணிப் பூசை. ஆறரைக்கே நம்மை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். மே மாத வெயில் அப்போதே முதுகில் ஏறிவிட்டது. பெரியப்பா மகளுக்கு நாலு மணியிலிருந்து தலை சீவி, பவுடர் போட்டு, கவுன் மாட்டி விட்டிருந்தார்கள். முந்தின ராத்திரி ஆசையில் சாப்பிடவும் இல்லையாம். வலைத்துணி கழுத்தில் உரசிச் சிவப்பாகத் தடித்திருந்தது. கையுறைக்குள் விரல்கள் வேர்த்தன. இருந்தாலும் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவள் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். போட்டோகிராபர் அவளை மட்டும் தனியாக நிறுத்தி இரண்டு எடுத்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "பாப்பா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்க" என்றார்.

அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏ, வாயி காயுதுடி. தல சுத்துது."

அந்த நேரத்தில் அது எனக்குள் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. யோசித்துத் திட்டம் போட்டேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசியது.

"தண்ணி குடிக்கிறியா?"

"அய்யய்யோ. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதாம்ல."

"சிஸ்டர் எங்கிட்டச் சொன்னாங்க. தண்ணி குடிச்சா ஒண்ணும் இல்லியாம். சாப்பாடுதான் கூடாதாம்."

"நெசமா?"

"நெசமா."

"மாதாவாணை?"

"மாதாவாணை."

கோயில் பின்பக்கம் அடிபம்பு இருந்தது. பீடத்துப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அலுமினியச் சொம்பு அங்கேயே கிடக்கும். நான் பம்பை அடித்து அரைச் சொம்பு பிடித்தேன். கையுறை நனைந்துவிடும் என்று அவள் கைகளை விரித்துக்கொண்டு வாயை அண்ணாந்தாள். நான்தான் ஊற்றினேன். கவுனில் ஒரு சொட்டு விழாமல் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டு, "ஒனக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தாகம் இல்ல" என்றேன்.

அவளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு நான் கோயில் வாசலுக்குப் போனேன். உபதேசியார் மைக் கம்பியைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். நானாகப் போய் ஒரு பெரியவரிடம் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சத்தம் தெளிவாக வந்தது.

"ஐயா, அவ தண்ணி குடிச்சுட்டா."

அவர் கம்பியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நீங்கள் எல்லாரும் அங்கே நின்றீர்கள். என் பங்கு மட்டும்தான் உங்களுக்குத் தெரியாது.

"ஏத்தா, தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேங்கய்யா."

"யாரு குடிக்கச் சொன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன். திரும்பி என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்கு அப்போதுதான் புரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

"யாரும் சொல்லலங்கய்யா. தாகமா இருந்துச்சு. நானாத்தான் குடிச்சேன்."

"இம்புட்டுக் கிராண்டா உடுத்தி என்னத்துக்கு ஆச்சு? போ, போயி ஒங்கம்மா பக்கத்துல ஒக்காரு."

சிஸ்டர் உள்ளே பீடத்துக்குப் பக்கத்துச் சக்ரீஸ்து அறையில் சாமியாருக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மணி அடித்தது. ஆர்மோனியம் தொடங்கியது. வரிசையில் முதலில் நான் போனேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஊரே கோயிலுக்குள் இருந்தது, நான் முதல். ஆனால் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே அவள் நாலு அடுக்குக் கவுனும் கிரீடமுமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவினார்கள். அழும்போது தோள் குலுங்க, மணிகள் மினுங்கின. அப்போதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுவதுகூட அவளுக்குத்தான் எடுப்பாக இருந்தது.

நன்மை அப்பம் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எச்சில் ஊறவில்லை. மேலண்ணத்தில் ஒட்டி, பூசை முடிகிற வரை இறங்கவே இல்லை.

போட்டோ எடுக்க வாசலில் நின்றோம். சிஸ்டர் தலைகளை எண்ணினார். "ஒருத்தரு எங்க?"

உபதேசியார் சொன்னார்: "தண்ணி குடிச்சுப்புட்டா சிஸ்டர். நிறுத்திப்புட்டேன்."

"தண்ணியா? தண்ணி குடிச்சா என்னங்கய்யா? தண்ணிக்குத் தடையெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே! சாப்பாட்டுக்கே நன்மைக்கு முந்தி ஒரு மணி நேரந்தான் தடை."

"எடுத்தாச்சா?"

"நான் பாவாடை கட்டித் திரிஞ்ச காலத்துலயே எடுத்தாச்சு."

உபதேசியார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மறுபடி போடவில்லை. "நாங்க படிச்சப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவர் எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளை அப்படி நிறுத்தினாரோ. அன்று அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. ஒரு நிமிடம் எனக்கு உயிர் வந்தது. பொய்யே சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிஸ்டர் கோயிலுக்குள் பெஞ்சில் இருந்த அவளிடம் ஓடினார். வாசலிலிருந்து எனக்குக் கேட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?"

இப்போதாவது அவள் சொல்லலாம். 'தண்ணி குடிக்கலாம்னு நீங்க சொன்னதா அவ சொன்னா' என்று ஒரே ஒரு வரி. சொன்னால் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஆகிவிடும். நான் கழுத்தைத் திருப்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் போட்டோகிராபர் பொத்தானை அமுக்கினார். உங்களிடம் இருக்கிற போட்டோ அதுதான்.

மத்தியானம் பெரியம்மா வீட்டில் கறிச்சோறு. வாசலில் பந்தல், எட்டுக் குழாய், சீரியல் வளைவு, எல்லாம் இருந்தது. பெரியம்மா ஒவ்வொரு இலைக்கும் போய், "சிம்பிளாத்தான் வச்சிருக்கோம், நல்லாச் சாப்புடுங்க" என்று முறைப்படி சொன்னார். வந்தவர்கள் சொல்ல வேண்டிய சொல் அன்று யார் வாயிலும் வரவில்லை. "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குப் பெரியம்மா மைக்செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். கவுனை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இனி இது வெளிய வராது" என்றார். வரவும் இல்லை. பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் சிஸ்டர் வந்து, மறுநாள் காலைப் பூசையில் அவளுக்கு நன்மை கொடுக்கச் சாமியார் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார். "கிராண்டா ஒண்ணும் வேண்டாம். வெள்ளையா ஏதாவது போட்டுட்டு வந்தாப் போதும்." அவளிடம் வேறு வெள்ளை இல்லை. அவளே சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"சித்தி, அவ கவுனு குடுங்க. காலையில போட்டுட்டுத் தந்துர்றேன்."

அம்மா மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். கழுத்துப் பட்டையில் பிளேடு பட்ட இடமும் தையல் பிரித்த ஓட்டைகளும் வரிசையாகத் தெரிந்தன. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்றேன்.

போன வைகாசியில் அவள் மகள் கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போனேன். மண்டபத்து வாசலில் நின்று, "ஏதோ சிம்பிளா வச்சிருக்கோம்டி" என்றாள். "கிராண்டா இருக்கு" என்றேன். முறைக்குத்தான் சொன்னேன். வயிறு அன்றும் எரிந்தது. மண்டபத்தைப் பார்த்து இல்லை. என் கையைப் பிடித்து முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தாளே, அதைப் பார்த்து.

இதை அனுப்பினால் அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

புதுநன்மைக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஆறு மணிப் பூசைக்கு மொத்தம் ஏழு பேர் வந்திருந்தோம். பெரியப்பா மகள் என் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது முழங்காலுக்கு மேல் நின்றது. பூசைக்கு முன்னால் சாமியார் கால் மணி நேரம் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. அவள் நன்மை வாங்கினாள். எனக்குப் பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து போய் வாங்கினார்கள். பாவத்தைச் சொல்லாதவள் வாங்கக் கூடாது, நான் பெஞ்சிலேயே இருந்தேன். கவுனைத் துவைத்து மத்தியானமே திருப்பித் தந்துவிட்டார்கள். ஜூன் மாதம் அம்மா அதை வெட்டிச் சட்டையாக்கினார்.